உள்ளத்தின் கடமைகளும் முன்கூடத்து இருக்கைகளும்: கொச்சி யூதர் வரலாறு உணர்த்தும் உண்மை

இறைவனை அணுகும் வழி யாது என்னும் வினாவுக்குத் தமிழ் மரபு தந்த விடை பழமையானது. மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றும் ஒருமித்து நிற்பதே வழிபாடு என்றும், அம்மூன்றனுள்ளும் மனமே தலைமையானது என்றும் நம் சான்றோர் கொண்டனர். வள்ளுவர் அறத்தை மனத்தின் தூய்மையில் வைத்தார். புற ஆரவாரங்களை அதற்கு வெளியே நிறுத்தினார். சித்தர்களோ ஒருபடி மேலே சென்று, உள்ளம் கூடாத சடங்குகளை எள்ளி நகையாடினர்.

இச்சிந்தனை நமக்கே உரியது என்று நாம் பெருமிதம் கொள்வதுண்டு. அப்பெருமிதத்தில் பிழையில்லை. ஆயினும், இதே சிந்தனையைத் தம் வழியில், தம் மொழியில் நெடுங்காலம் வளர்த்தெடுத்த வேறு மக்களும் உளர் என்பதை அறியும்போது அப்பெருமிதம் ஆழம் பெறும். அத்தகையோருள் யூதர் குறிப்பிடத்தக்கவர். யூத சமயம் என்றவுடன் சட்டங்களும் விலக்குகளும் நிறைந்த சமயம் என்னும் எண்ணமே பலர்க்கும் எழுகின்றது. அச்சமயத்தின் மரபு 613 கட்டளைகளை எண்ணிச் சொல்வதால் அவ்வெண்ணம் வலுப்பெறுகின்றது. ஆனால், அக்கட்டளைகளின் நடுவிலேயே எண்ணத்தைத் தூய்மை செய்து இறைவனை நெருங்கும் ஒரு நீண்ட மரபு வளர்ந்தது. அம்மரபு கடல் கடந்து நம் மேற்குக் கரைக்கும் வந்தது. கொச்சியில் ஒரு கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. பத்தாண்டு நிறைவு காணும் ஆமத்தூர் இலக்கிய வட்டத்தின் இம்மலரில் அச்சோதனையின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். மேற்கு மலைக்கு அப்பால் நிகழ்ந்த செய்தியாயினும், அதன் உட்பொருள் நம் கரிசல் மண்ணுக்கு அயலானதன்று.

காத்திருக்கும் உள்ளம்

யூதச் சட்ட மரபின் அடிப்படை நூல்களுள் ஒன்று மிஷ்னா. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற அந்நூல், தொழுகை பற்றிய பகுதியில் ஓர் அரிய செய்தியைத் தருகின்றது. முற்காலத்துப் பக்தர்கள் தொழுகையைத் தொடங்குவதற்கு முன்னர் ஒரு மணி நேரம் அமைதியாகக் காத்திருப்பராம். தம் உள்ளத்தை இறைவன்பால் திருப்புதற்கு அவர்களுக்கு அவ்வளவு பொழுது தேவைப்பட்டது. இவ்வாறு திருப்புதலை எபிரேய மொழியில் ‘கவ்வானா’ என்பர். நேராகத் திருப்புதல், குறி நோக்கி நிறுத்துதல் என்பன அச்சொல்லின் வேரில் உள்ள பொருள்கள்.

இக்காத்திருப்பின் பொருள் நம் வட்டாரத்தார்க்கு எளிதில் விளங்கும். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன் தொழிலாளர் பருத்தி ஆடை உடுத்தி, வாயிலில் பதித்த உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் தேங்கிய மின்னூட்டத்தை மண்ணில் இறக்கிவிட்டே உள்ளே செல்லவேண்டும் என்பது விதி. கண்ணுக்குப் புலப்படாத ஒரு பொறியை வெளியிலேயே இறக்கி வைப்பது அதன் நோக்கம். சினம், செருக்கு, பொறாமை என்னும் பொறிகளைச் சுமந்துகொண்டே இறைவன் திருமுன் புகலாகாது என்பதே அப்பழம் பக்தர்களின் காத்திருப்பு உணர்த்தும் பாடம்.

இரு வகைக் கடமைகள்

இச்சிந்தனையை முழுமையான நூலாக வடித்தவர் பக்யா இப்னு பக்கூடா என்னும் அறிஞர். 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த இவர், சமய வழக்குகளைத் தீர்க்கும் நடுவராக விளங்கியவர். சட்டத்தை நன்கறிந்த அவரே சட்டத்தின் போதாமையையும் உணர்ந்தார். மனிதனின் கடமைகளை உறுப்புகளின் கடமைகள், உள்ளத்தின் கடமைகள் என அவர் இரண்டாகப் பகுத்தார். முன்னையவற்றைப் பற்றி நூல்கள் பல இருக்க, பின்னையவற்றை விளக்குவார் இல்லையே என வருந்தி, ‘உள்ளங்களின் கடமைகள்’ என்னும் நூலை அரபு மொழியில் எழுதினார். யூதா இப்னு திப்பன் 1161இல் அதனை எபிரேயத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கிய பின்னர் அந்நூல் யூதர் வாழ்ந்த நாடெங்கும் பரவியது.

அந்நூல் பத்து வாயில்களாக அமைந்தது. இறைவன் ஒருவன் எனத் தெளிவதில் தொடங்கி, இறைவன்பால் அன்பு கொள்வதில் முடிவது. இடையில் நம்பிக்கை, பணிவு, கழிவிரக்கம் முதலியன வருகின்றன. எட்டாம் வாயில் தன்னைத் தானே கணக்கெடுத்தல் பற்றியது. மனிதன் தன் உள்ளத்தோடு கணக்குப் பார்ப்பதற்கு முப்பது வழிகளை அப்பகுதி கூறுகின்றது. வாணிகம் செய்து வாழ்ந்த ஒரு மக்களுக்கு இவ்வுவமை எத்துணைப் பொருத்தமானது! பேரேடு எழுதுவோர் ஒரு காசையும் விடாது பதிவது போல, ஒவ்வோர் எண்ணத்தையும் வரவாகவோ செலவாகவோ பதிந்து நோக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

பின்வந்தோர் இவ்வழியை மேலும் நுணுக்கினர். 1796இல் அச்சேறிய ‘தன்யா’ என்னும் நூலில் லியாதி நகர ஷ்நேயூர் சல்மான், எண்ணம், சொல், செயல் ஆகிய மூன்றும் உயிர் உடுத்தும் மூன்று ஆடைகள் என்றார். நம் மனம், வாக்கு, காயம் என்னும் மும்மையோடு இஃது ஒத்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது. தகாத எண்ணம் உள்ளத்தில் எழுவதற்காகச் சோர்ந்து விடாதீர், எழுந்த எண்ணத்தைப் புறந்தள்ளும் ஒவ்வொரு முறையும் நீங்கள் இறைவனுக்குப் பணி செய்கின்றீர் என்று அவர் எளியோரைத் தேற்றினார். எண்ணமே எழாத நிலை சிலர்க்கே உரியது. எழுந்ததைத் தள்ளும் நிலை எல்லார்க்கும் இயலுவது. பக்தியை எளியவர்க்கு உரியதாக்கிய பார்வை இது.

தண்ணீரின் பாரம்

எண்ணத் தூய்மையில் ஓர் இடர் உண்டு. அது தன்னையே நோக்கித் தன்னுள்ளே மடங்கிவிடக்கூடும். ‘நான் தூயவன்’ என்னும் எண்ணத்தைவிட அழுக்கான எண்ணம் வேறு இல்லை. இவ்விடரை உணர்ந்தவர் 19ஆம் நூற்றாண்டில் லித்துவேனியாவில் ஒழுக்க இயக்கம் கண்ட இஸ்ரேல் சலாந்தர் (1810–1883). அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. உணவுக்கு முன் கைகழுவுதல் யூதர்க்குச் சமயக் கடமை. நிறைய நீர்விட்டுக் கழுவுதல் சிறப்பு. சலாந்தரோ மிகச் சிறிதளவு நீரே விட்டுக் கழுவினாராம். காரணம் வினவியவரிடம், தொலைவிலிருந்து நீர் சுமந்து வரும் பணிப்பெண்ணைச் சுட்டி, பிறர் தோளின்மேல் ஏறி நின்று தாம் பக்தராக விரும்பவில்லை என்றாராம். கோடையில் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் பெண்களைக் கண்டறிந்த நமக்கு இச்செய்திக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

ஆகவே, எண்ணத் தூய்மையின் உரைகல் உள்ளத்துக்குள் இல்லை. அடுத்து நிற்பவர்மீது நாம் ஏற்றும் பாரத்தில் அது இருக்கின்றது. இவ்வுண்மையை நெஞ்சில் இருத்திக்கொண்டு கொச்சியின் வரலாற்றை நோக்குவோம்.

முசிறியின் செப்பேடு

சங்கப் புலவர்கள் பாடிய முசிறி யவனர் கலங்கள் வந்து சென்ற துறைமுகம். அதன் அருகே பழங்காலம் முதலே யூத வணிகர் குடியேறி வாழ்ந்தனர். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் வீற்றிருந்தபோது, யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையையும் 72 உரிமைகளையும் வழங்கினான். பல்லக்கு, குடை, பகல் விளக்கு, நடைபாவாடை முதலிய சிறப்புகளும் வரி விலக்கும் அவற்றுள் அடங்கும். இவ்வுரிமைகளைப் பொறித்த செப்பேடுகள் வட்டெழுத்தில் அமைந்தவை. தமிழும் மலையாளமும் முற்றும் பிரியாத காலத்து மொழி அவற்றில் ஒலிக்கின்றது. அயல் சமயத்தார் ஒருவர்க்கு நம் எழுத்தில் எழுதித் தந்த மதிப்பு அது. பல நாடுகளில் துன்புறுத்தப்பட்ட யூதர், இந்நாட்டு மன்னர்களால் துன்புறுத்தப்பட்டிலர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க வரலாறு.

செந்தமங்கலத்தில் உள்ள எபிரேயக் கல்லறைக் கல்வெட்டு 1269ஆம் ஆண்டினது. இஸ்ரேலின் மகள் சாராவின் நினைவாக நாட்டப்பட்டது அது. இந்நாட்டில் கிடைத்துள்ள எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழமையானதாக அதனைக் கருதுவர். மலையாளம் பேசி, மலையாளத்தில் பாடி, எபிரேயத்தில் தொழுது வாழ்ந்த இம்மக்களை மலபாரி யூதர் என்பர்.

1492இல் ஸ்பெயின் தன் யூதக் குடிகளை நாடு கடத்தியது. அவ்வாறு துரத்தப்பட்டவர் வழியினர் சிலரும், பிற நாடுகளிலிருந்து வந்தோரும் 16ஆம் நூற்றாண்டில் கொச்சியை அடைந்தனர். இவர்கள் பரதேசி யூதர் எனப்பட்டனர். கொச்சி அரசரின் ஆதரவில், மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்து, 1568இல் இவர்கள் எழுப்பிய ஜெப ஆலயம் இன்றும் நிற்கின்றது. பக்யாவின் நாட்டினின்றும் வந்த வழியினர் இவர்களுள் இருந்தனர் என்பதை நினைவிற் கொள்க.

முன்கூடம்

நாடிழந்து வந்தோர்க்கு நாடு கிடைத்தது. ஆனால், இந்நாட்டில் வீசிய சாதி என்னும் காற்று அவர்கள் இல்லத்துள்ளும் புகுந்தது. பரதேசியர் தம்மை வெண்ணிறத்தார் என்றும் தூய குலத்தார் என்றும் கொண்டனர். தமக்கு முன்னரே இங்கு வாழ்ந்த மலபாரி யூதரோடு மணவுறவு கொள்ள மறுத்தனர். பரதேசியரின் சமூகத்துக்குள்ளேயே ‘மெஷுக்ராரிம்’ எனப்பட்டோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அச்சொல்லுக்கு விடுதலை பெற்றோர் என்பது பொருள். அடிமைகளாயிருந்து விடுதலை எய்தி யூதரானோரின் வழியினர் அவர்கள். ஒரே தோராவை ஓதினர். ஒரே ஓய்வுநாளைப் போற்றினர். ஒரே ஜெப ஆலயத்திற்கு வந்தனர். ஆயினும், ஆலயத்தின் உள்ளே அமரும் உரிமை அவர்களுக்கு இல்லை. முன்கூடத்திலோ தரையிலோ அமரவேண்டும். திருமறையை ஓத அழைக்கப்படும் பெருமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

சமயச் சட்டம் இதனை ஏற்றதா எனின், ஏற்கவில்லை. கொச்சியின் இச்சிக்கல் 16ஆம் நூற்றாண்டிலேயே எகிப்து நாட்டின் பேரறிஞர் தாவீது இப்னு சிம்ராவின் தீர்ப்புக்குச் சென்றது. இழிவாகக் கருதப்பட்டோர் முறைப்படி நீராட்டுச் சடங்கு செய்துகொண்டபின் ஏனையோர்க்கு நிகரானவர், அவர்களோடு மணவுறவும் கொள்ளலாம் என்பது அவர் தீர்ப்பு. அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முன்னரே, யூத சட்ட அறிஞருள் தலையாயவரான மைமோனிடஸ் (1138–1204) இப்பொருளில் ஒரு மடல் வரைந்துள்ளார். யூதத்தைத் தழுவிய ஒபதியா என்பார், ‘எம் முன்னோரின் இறைவனே’ என்று நானும் தொழலாமா என வினவினார். தயக்கமின்றித் தொழுக, உமக்கும் எமக்கும் வேறுபாடு இல்லை என்பதே மைமோனிடஸின் விடையின் கருத்து. இவ்வறிஞரின் தம்பி தாவீது இந்தியாவுக்கு வாணிகம் செய்யப் புறப்பட்டு நம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி மாண்டார் என்பதும், அத்துயரால் மைமோனிடஸ் நெடுநாள் நோயுற்றுக் கிடந்தார் என்பதும் அவர் எழுதிய மடலொன்றால் தெரியவருகின்றன. இக்கடல்வழியே மனிதர் வந்தனர், பொருள் வந்தது, மடல்களும் தீர்ப்பும் வந்தன. வந்த தீர்ப்பு உள்ளங்களில் இறங்கவில்லை. அறிந்த சட்டத்துக்கும் வாழ்ந்த வாழ்வுக்கும் இடையே செருக்கு என்னும் எண்ணம் சுவராக நின்றது. உறுப்புகளின் கடமைகள் வழுவாது நிறைவேறின. உள்ளத்தின் கடமை முன்கூடத்திலேயே நின்றுவிட்டது.

கொச்சியின் சத்தியாக்கிரகி

இச்சுவரை அசைத்தவர் ஆபிரகாம் பாராக் சேலம் (1882–1967). நம் சேலம் நகரத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பு இல்லை. மெஷுக்ராரிம் மரபில் தோன்றிய இவர், சென்னையில் பயின்று பட்டமும் சட்டக் கல்வியும் பெற்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராயிருந்தார். தொழிலாளர்க்காகக் குரல் கொடுத்தார். 1929இல் முழு விடுதலையைக் குறிக்கோளாக அறிவித்த லாகூர் காங்கிரசு மாநாட்டில் கலந்துகொண்டார். நாட்டு விடுதலைக்கு உழைத்தவர், தம் ஆலயத்துக்குள்ளே விடுதலை இல்லாதிருந்ததைப் பொறுத்திலர்.

அவர் கைக்கொண்ட வழி காந்தியடிகளின் வழி. சில காலம் பரதேசி ஆலயத்தைப் புறக்கணித்தார். பின்னர் அறவழியிற் போராடினார். அவரை ‘யூதக் காந்தி’ என மக்கள் அழைத்தனர். சத்தியாக்கிரகம் என்பது எதிரியை வெல்லும் படைக்கருவி அன்று. முதலில் தன்னையும் பின்னர் எதிரியையும் தூய்மை செய்யும் நோன்பு. இவ்விடத்தில் இரு மரபுகள் ஒன்றையொன்று தழுவிக்கொள்வதைக் காண்கின்றோம். பக்யா கூறிய உள்ளக் கணக்கை ஒருவர் தம் அறைக்குள் பார்க்கலாம். சேலம் அதனை ஒரு சமூகம் முழுவதும் ஆலயத்தின் நடுவே பார்க்கும்படி செய்தார். 1930களின் நடுப்பகுதியில் பழைய கட்டுகள் தளரத் தொடங்கின. உள்ளே அமரும் உரிமையும், காலப்போக்கில் பிற உரிமைகளும் கிட்டின. எனினும், உள்ளம் மெல்லவே மாறும். 1950இல் சேலத்தின் மகன் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அத்திருமணம் கொச்சியில் அன்றிப் பம்பாயில் நடைபெற்றது. இன்று யூதத்தெருவின் சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவ்வாண்டுகளை நம் ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். 1899இல் சிவகாசியில் கோயில் நுழைவுரிமை பற்றிய பூசல் பெருங்கலவரமாக வெடித்தது. 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது; பெரியார் அங்குச் சென்று சிறை புகுந்தார். 1936இல் திருவிதாங்கூரில் ஆலயக் கதவுகள் அனைவர்க்கும் திறந்தன. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தனர். கொச்சி ஆலயத்தின் முன்கூடமும் நம் கோயில்களின் வெளிவாயிலும் ஒரே காலத்தில் ஒரே வினாவை எதிர்கொண்டன. ஆகவே, கொச்சி யூதர் சிலரின் குறையை எடுத்துரைத்து நாம் உயர்ந்துவிட முடியாது. அவர்கள் கற்ற பாடம் நம்மிடத்தே கற்றது.

பாட்டு கடந்த வேலி

கவிஞர்கள் கூடும் இவ்வட்டத்தில் இன்னொரு செய்தியையும் கூறாமல் விடலாகாது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடல்கள் பாடினர். திருமணம், திருவிழா முதலிய நிகழ்ச்சிகளில், ஆடவர் கேட்க, அவர்கள் கூடிப் பாடுவது வழக்கம். வேறு நாட்டு யூதருள் ஆடவர் முன் பெண்கள் பாடுதற்குத் தடையிருந்த இடங்கள் பல. இப்பாடல்களைப் பெண்கள் கையெழுத்துச் சுவடிகளில் எழுதி, தாய் மகளுக்கு எனக் காத்தனர். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது சுவடிகளும் உடன் சென்றன. ஸ்கறியா சக்கறியா, பார்பரா ஜான்சன், ஓஃபிரா கம்லியேல் முதலிய ஆய்வாளர்களின் உழைப்பால் அவை அச்சிலும் ஒலிப்பதிவிலும் வெளிவந்தன. அச்சுவடிகளை ஒப்பிட்டபோது ஓர் உண்மை புலனாயிற்று. பரதேசிப் பெண்களின் ஏட்டிலும் மலபாரிப் பெண்களின் ஏட்டிலும் ஒரே பாடல்கள் காணப்பட்டன! மணவுறவு செல்லாத இடத்துக்குப் பாட்டு சென்றிருந்தது. ஆடவர் எழுப்பிய வேலியைப் பெண்களின் குரல் ஓசையின்றிக் கடந்திருந்தது.

மட்டாஞ்சேரியில் நெகேமியா மோத்தா என்னும் மறைஞானிக் கவிஞரின் சமாதி உள்ளது. 1615இல் மறைந்த இவர் எபிரேயத்தில் பாடிய பாடல்கள் கொச்சி யூதரின் வழிபாட்டில் இடம்பெற்றன. அச்சமாதியில் யூதர் மட்டுமன்றி இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். அங்கே முன்கூடம் இல்லை, உட்கூடமும் இல்லை. திறந்த வெளியில் ஒரு கவிஞரின் நினைவைச் சூழ்ந்து எல்லாரும் ஒரே தரையில் நிற்கின்றனர்.

நமக்குரிய கணக்கு

உள்ளத்தைத் தூய்மை செய்தால் இறைவன் அணுகுவான் என்பது யூத மரபின் கொள்கை. நம் மரபின் கொள்கையும் அதுவே. ஆனால், அத்தூய்மை நிறைவுற்றதா என்பதை உள்ளத்திடமே கேட்டறிய இயலாது. உள்ளம் தனக்குச் சார்பாகவே சான்று சொல்லும். நம்மருகே அமர எவர்க்கு இடம் தந்தோம், எவரை முன்கூடத்தில் நிறுத்தினோம் என்று கேட்டால் மட்டுமே மெய்யான விடை கிடைக்கும். கொச்சி வரலாறு காட்டும் உண்மை இதுவே. 613 கட்டளைகளையும் கற்றறிந்த ஒரு சமூகம் ஓர் இருக்கையில் தோற்றது. பின்னர் அவ்விருக்கையிலேயே தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கியது.

எழுதுவோர்க்கும் இவ்வுரைகல் பொருந்தும். சொல் நம் கைவசப்பட்டது. சொல்லின் பின்னே நிற்கும் எண்ணம் தூயதா என்பதே வினா. உள்ளம் கூடாத தொழுகை உயிரற்ற உடல் என்பது பக்யாவின் கருத்து. உள்ளம் கூடாத கவிதைக்கும் அதே நிலைதான். சமத்துவத்தைப் பாடிவிட்டு, அரங்கில் முன்வரிசை எவர்க்கு, பின்வரிசை எவர்க்கு எனப் பார்ப்போமாயின் நம் பாட்டும் முன்கூடத்திலேயே நின்றுவிடும். தீப்பெட்டி ஒட்டிய கையோடு வருபவர்க்கும், முதற்கவிதையைத் தயங்கித் தயங்கிப் படிப்பவர்க்கும் நம் நடுவில் இருக்கை உண்டா என்பதே இப்பத்தாண்டுக் கணக்கில் நாம் பார்க்கவேண்டிய முதல் வரவு. அவ்வரவு பெருகுமாறு நம் வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் தழைப்பதாக!